சாக்ஸ்தானே என்று நினைத்தேன்

போன இதழில் மாவடு போடும் பக்குவம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. படித்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுதியவர் ஓர் இளம் தாய். மூன்று வயதுப் பையன். மூளை வாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். குதிகால் தரையில் படாமல் முன்னங்காலை ஊன்றி நடக்கிறானாம். முழங்காலுக்குக் கீழே வரை வருகிற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் - ஆஸ்பத்திரிகளில் ஏ.எஃப்.ஓ. என்பார்கள் - செய்து கொடுத்திருக்கிறார்கள். "உள்ளே ஒரு சாக்ஸ் போட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எந்த சாக்ஸ் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய்க் கேட்பதா என்று வந்துவிட்டேன். என்னமோ உங்களிடம் கேட்கத் தோன்றியது" என்று முடித்திருந்தார்.

அம்மா, நல்ல காரியம் செய்தீர்கள். நானும் ஒரு காலத்தில் கேட்காமல் வந்தவள்தான். அதற்கு என் சின்ன மகள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அதனால் இந்த முறை சமையல் குறிப்பு கிடையாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். டாக்டர் அல்ல. பத்து வருஷமாகத் தினம் காலையும் மாலையும் இரண்டு ஸ்பிளிண்டுகளை மாட்டிக் கழற்றுகிறவள் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

என் சின்னவள் பிறக்கும்போதே முதுகெலும்பில் ஒரு பிளவோடு பிறந்தாள். ஸ்பைனா பைஃபிடா என்று பெயர். பிறந்த மறுநாளே ஆபரேஷன் ஆயிற்று. கருவில் முதுகுத்தண்டாக ஆகவேண்டிய குழாய், கரு உண்டான முதல் 4 வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டுமாம். இவளுக்கு ஓர் இடத்தில் மூடவில்லை. நமக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடுகிறது! அதனால்தான் குழந்தைக்கு ஆசைப்படுகிற பெண்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார்கள். எல்லாக் குழந்தைகளையும் அது காப்பாற்றிவிடாது என்றாலும், பெரும்பாலானவர்களுக்கு இந்தக் குறை வராமல் தடுக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மூத்தவள் கல்யாணத்தின்போது நான் மறக்காமல் சொல்வேன். நீங்களும் உங்கள் தங்கை, நாத்தனார்களுக்குச் சொல்லுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவள் மூன்று வயதில் ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். நான்கு வயதில் நடந்தாள். அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் ஒன்றைச் சரியாக மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே, முக்கியமாகப் பாதத்தில், உணர்ச்சி கிடையாது. சுட்டால் தெரியாது, குத்தினால் தெரியாது. டாக்டர் சொல்லத்தான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். வலியே தெரியாது என்றால் ஒரு கஷ்டம் குறைவு என்றுகூட அத்தை ஒருநாள் சொன்னார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பு. யூனிஃபாரம் என்று பள்ளியில் ஒரு சாக்ஸ் கொடுத்தார்கள். கருநீலம், வழுவழுவென்று நைலான், கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும். மற்றக் குழந்தைகள் மாதிரி நம் குழந்தையும் யூனிஃபாரத்தில் போகிறாளே என்ற பூரிப்பில் அதையே போட்டு, அதன் மேல் ஸ்பிளிண்ட் மாட்டி, பெரிய ஷூவைப் போட்டு அனுப்பினேன். கெண்டைக்காலில் பிளாஸ்டிக் வெறும் தோலில் உராய்ந்தது. கொஞ்சம் தழும்பு மாதிரி தெரிந்தது. பவுடர் போட்டேன்.

தை மாதத்தில் பள்ளி ஆண்டு விழா. குழுப் பாட்டில் இவளும் உண்டு. ஒத்திகை, மேடை, போட்டோ என்று மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் ஒரே பேச்சு. "அம்மா, நான் ஒரு தடவகூட கீழ விழவே இல்ல தெரியுமா! டீச்சர் கை தட்டினாங்க!" என்று இவர் மடியில் உட்கார்ந்து குதிக்கிறாள். வீட்டில் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் ஈரமாக இருந்தது. வேர்வை என்றுதான் நினைத்தேன். கருநீலத்தில் என்ன தெரியும்? விளக்கு வெளிச்சத்தில் என் விரல்களைப் பார்த்தபோதுதான் சிவப்பாக இருந்தது. குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் போயிருந்தது. அவளோ இன்னும் பாட்டைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்பிளிண்டையும் கையோடு கொண்டு போயிருந்தேன். பிளாஸ்டிக்கில்தான் ஏதோ கோளாறு என்று சண்டை போடத் தயாராகப் போனேன். டாக்டர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சரியாத்தாம்மா இருக்கு. நேத்து போட்ட சாக்ஸ் எங்க?" என்று கேட்டார். நல்ல வேளை, ராத்திரி ஏற்பட்ட பதற்றத்தில் அதைத் துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தேன். இவரை வீட்டுக்கு அனுப்பி எடுத்து வரச் சொன்னேன். டாக்டர் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். விரல் பக்கம் கயிறு மாதிரி ஒரு தடித்த தையல். குதிகால் பகுதி அவள் பாதத்தைவிட ஓர் அங்குலம் பெரிது. அந்த உபரித் துணி மடிந்து, மடிந்த இடத்திலேயே அவள் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறாள். "நம்ம காலா இருந்தா அஞ்சு நிமிஷத்துல ஷூவைக் கழட்டி உதறிட்டுப் போட்டிருப்போம். அவளுக்கு யாரும்மா சொல்லுவா?" என்றார். நான் பதில் பேசவில்லை.

அந்தப் புண் ஆற பங்குனி ஆகிவிட்டது. ஸ்பிளிண்ட் போடக்கூடாது, காலை ஊன்றக்கூடாது. கஷ்டப்பட்டு நடக்கக் கற்றவள் இரண்டு மாதம் இடுப்பில் ஏறித்தான் போனாள். தெருவில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி போனபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே பார்த்தாள். இவர், "விடு, நீ வேணும்னா பண்ணினே?" என்று எத்தனையோ முறை சொன்னார். ஆனால் சாக்ஸ் வாங்கியதும் மாட்டியதும் என் கைதானே.

கட்டு மாற்றப் போகும் நாட்களில் அந்த டாக்டர் ஒரு கதை சொல்வார். கதையில்லை, நடந்ததுதான். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்ட நோயாளிகளுக்குக் கை கால் விரல்கள் தானாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அவர்தான் கூடவே இருந்து கவனித்து, அப்படி இல்லை, வலி தெரியாததால்தான் அடுப்பில் சுட்டுக்கொள்கிறார்கள், செருப்பு ஆணி குத்தியது தெரியாமல் நடக்கிறார்கள், அதனால்தான் புண்ணாகி விரல் போகிறது என்று கண்டுபிடித்தார். ராத்திரி தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்கள் இருந்தார்களாம். அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்! வலி என்பது கடவுள் கொடுத்த பெரிய பரிசு என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது சர்க்கரை வியாதிக்காரர்கள் போடுகிறார்களே, எம்.சி.ஆர். செருப்பு, அந்த மெத்து ரப்பர் செருப்பு முதலில் குஷ்ட நோயாளிகளின் பாதத்துக்காக வந்ததுதான்.

அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வலி அவளுக்குச் செய்ய வேண்டிய வேலையை இனி என் கண்ணும் கையும் செய்ய வேண்டும். அதற்கு அவள் காலைப் பகலெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தத் துணியை நான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இங்கே ஒன்று. உங்கள் மகனுக்கு அநேகமாகப் பாதத்தில் உணர்ச்சி இருக்கும். ஸ்பிளிண்ட் போட்டதும் அழுதால் அடம் பிடிக்கிறான் என்று அதட்டாதீர்கள். கழற்றி, சாக்ஸில் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவன் அழுகிறானே, அதற்காக நான் உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூடப் படுகிறேன்.

முதலில் நான் செய்த அசட்டுத்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சி ஒன்றும் இல்லை என்றுதானே நாம் எல்லாரும் நினைப்போம்? சுத்தப் பருத்தி சாக்ஸ் ஒரு டஜன் வாங்கினேன். மெத்தென்று இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக்குக்குள் அது உலரவே உலராது. பாத்திரம் தேய்த்த கை மாதிரி தோல் ஊறி வெளுத்துவிடும். ஊறிய தோல் லேசாக உரசினாலே கிழியும். சுத்த நைலானோ வேர்வையை உறிஞ்சவே உறிஞ்சாது. கால் உள்ளே வழுக்கும். அதனால் இரண்டும் கலந்த நூல்தான் நல்லது. பருத்தியோடு பாலியஸ்டரோ நைலானோ கலந்து, கொஞ்சம் லைக்ரா இருந்தால் காலோடு ஒட்டி நிற்கும். ஓடுகிறவர்களும் விளையாடுகிறவர்களும் போடுவதற்கென்று வேர்வையை வெளியே இழுக்கும் நூலில் வருகிறதே, அது இன்னும் நல்லது. அட்டையில் சின்ன எழுத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.

அப்புறம் திருப்பூரில் இருக்கும் என் தங்கையிடம் சொல்லிப் பனியன் துணி வரவழைத்து, நானே தைத்தேன். நமக்குத்தான் மிஷின் இருக்கிறதே என்ற மமதை! துணி அருமை. ஆனால் பக்கவாட்டில் ஓடிய தையல் சரியாகக் கணுக்கால் எலும்பின் மேல் உட்கார்ந்து, சாயங்காலம் நூல் கட்டி இறுக்கியது மாதிரி ஒரு கோடு. உணர்ச்சி இல்லாத காலில் தையல் உள்ள எதையும் போடக்கூடாது என்று அன்றைக்கே கத்தரித்துக் கரித்துணி ஆக்கினேன்.

மாவுக்கட்டுப் போடும்போது அடியில் குழாய் மாதிரி ஒரு வெள்ளைத் துணி போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஸ்டாக்கினெட் என்று சர்ஜிகல் கடையில் சுருளாகக் கிடைக்கும். தையலே கிடையாது, காலின் பருமனுக்கு ஏற்ற அகலத்தில் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் நடமாட அதைத்தான் போடுகிறேன். ஆனால் விரல் பக்கம் திறந்திருப்பதால் ஷூவுக்குள் சுருண்டுகொள்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அது உதவாது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் கால்பந்து சாக்ஸ். முழங்கால் வரை வரும், காலோடு ஒட்டும், விலையும் கட்டுப்படியாகும். பாதத்தில் துவாலைத் துணி மாதிரி தடிப்பாக இருப்பதை மட்டும் வாங்காதீர்கள். நான் முதலில் அதைத்தான் வாங்கினேன். மெத்தென்று இருக்கட்டுமே என்ற நினைப்பு. ஸ்பிளிண்ட் இறுகி, பட்டை ஒட்டாமல் போய், விரல்கள் நிறம் மாறிவிட்டன. மெல்லியதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். குதிகாலுக்கென்று பை மாதிரி பின்னப்படாத, நேராகக் குழாய் போல இருக்கும் ரகமும் உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். குதிகால் இடம் மாறி மடிகிற தொல்லை இல்லை, பாதம் கொஞ்சம் வளர்ந்தாலும் தாங்கும்.

ஸ்பிளிண்டுக்கென்றே தையல் இல்லாமல் பின்னப்பட்ட சாக்ஸ் வெளிநாடுகளில் விற்கிறார்கள். நாத்தனார் மகன் ஒருமுறை இரண்டு ஜோடி கொண்டுவந்தான். குறை சொல்ல முடியாது, அத்தனை நேர்த்தி. ஆனால் தினம் இரண்டு ஜோடி தேவைப்படுகிற வீட்டில் அதை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்? விசேஷ நாளில் பட்டுப் பாவாடைக்கு மட்டும் அது.

சாதாரண சாக்ஸில் விரல் பக்கத் தையலைத் தவிர்க்க ஒரு சுலப வழி, திருப்பிப் போடுவது. தையல் வெளியே போய்விடும், வழவழப்பான பக்கம் தோலில் படும். பார்க்க அசிங்கம் என்று அத்தை சொன்னார்கள். ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

உயரம், ஸ்பிளிண்டின் மேல் விளிம்பைவிட இரண்டு விரற்கடையாவது அதிகம் இருக்க வேண்டும். அந்த உபரியை விளிம்பின் மேல் வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் பிளாஸ்டிக் தோலை வெட்டாது. மேலே எலாஸ்டிக் இறுக்கமாக இருந்து கழற்றியதும் வட்டமாகப் பள்ளம் விழுந்தால் அந்த சாக்ஸ் வேண்டாம். எங்கள் வீட்டில் எலாஸ்டிக்கில் இன்னொரு பயமும் உண்டு. ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில் நிறையப் பேருக்கு இயற்கை ரப்பர் ஒத்துக்கொள்ளாது. அதனால் இவளுடைய பிறந்த நாளுக்கு நாங்கள் பலூன் கட்டுவதில்லை. சாக்ஸிலும் ரப்பர் இழை இல்லாமல் லைக்ரா உள்ளதாகப் பார்த்தே வாங்குகிறேன்.

நிறம் வெள்ளைதான். கசிவோ ரத்தமோ பட்டால் உடனே காட்டிக் கொடுக்கும். பள்ளியில் கருநீலம் என்றார்களே, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். தலைமை ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். நான் போன வருஷமே கேட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

போடும் முறையிலும் பாதி சூட்சுமம் இருக்கிறது. காலையில் அவசரத்தில் தோசை சுட்டுக்கொண்டே செய்கிற வேலையல்ல இது. முதலில் சாக்ஸுக்குள் கைவிட்டு விரல்களால் துழாவுங்கள். பிரிந்த நூல் ஏதாவது இருந்தால் கத்தரித்துவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு ஒரு நூலோ, நம் தலைமுடி ஒன்றோ விரலில் சுற்றிக்கொண்டால்கூட விரல் வீங்கிக் கருத்துவிடும். சாக்ஸை மாட்டியதும் விரல் நுனியில் பிடித்து லேசாக முன்னால் இழுத்து விடுங்கள். சின்ன சாக்ஸ் என்றால் விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். உணர்ச்சி இல்லாத குழந்தை சுருண்ட விரல் மேலேயே நடந்துவிடும். பிறகு முழங்காலை மடக்கி வைத்து, குதிகால் ஸ்பிளிண்டின் அடியில் போய் நன்றாக உட்காரும்படி அழுத்த வேண்டும். முதலில் கணுக்கால் பட்டை, அப்புறம்தான் மற்றவை. பட்டையை இறுக்குவதற்கு முன்னால் சாக்ஸின் மேல் நுனியைப் பிடித்து ஒருமுறை மேலே இழுத்தால், குதிகாலுக்குப் பின்னாலும் கணுக்காலுக்கு முன்னாலும் இருக்கிற மடிப்பெல்லாம் போய்விடும். கைக்கு அது தெரியும். புடவைக் கொசுவத்தை நீவிவிடுகிற கைதானே நம்முடையது!

பவுடர் போடாதீர்கள். வேர்வையில் சேறு மாதிரி கட்டிக்கொண்டு அதுவே உராயும். கிரீம், எண்ணெய் எல்லாம் ராத்திரி ஸ்பிளிண்டைக் கழற்றிக் கால் கழுவித் துடைத்த பிறகு. அத்தை தினமும் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள், விரல் இடுக்கை மட்டும் விட்டுவிட்டு.

கழற்றியதும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குதிகால், இரண்டு பக்கக் கணுக்கால் எலும்பு, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் எலும்பு, உள்பக்க வளைவு, கெண்டைக்காலில் ஸ்பிளிண்ட் விளிம்பு முடியும் இடம், இவ்வளவையும் பார்க்க வேண்டும். சிவப்பு இருந்தால் 20 நிமிஷம், அதிகம் போனால் அரை மணியில் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் அந்த ஸ்பிளிண்டை மறுபடி மாட்டாமல் செய்து கொடுத்தவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஒன்று, சிவப்பு சிவப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? நான் வேறு மாதிரி பார்க்கிறேன். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ பளபளப்பாகவோ தெரிகிறதா, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கிறதா, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, இன்னொரு காலில் அதே இடம் எப்படி இருக்கிறது? ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. அந்த ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் தழும்பு என்று நான் நினைத்துப் பவுடர் பூசினேனே, அது தழும்பே இல்லை.

புது ஸ்பிளிண்ட் வந்தால் முதல் நாளே பள்ளிக்குப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். எங்களுக்குச் சொன்ன கணக்கு, முதல் நாள் ஒரு மணி நேரம், கழற்றிப் பார்த்து, நன்றாக இருந்தால் இரண்டு மணி, இப்படி ஒன்றிரண்டு வாரத்தில் முழு நாளுக்குக் கொண்டுவருவது. அளவு சரிபார்க்கப் போகும்போது தினம் போடப்போகிற அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். தடிமன் மாறினால் பொருத்தமும் மாறிவிடும். ஷூ வாங்கவும் அப்படியே, ஸ்பிளிண்டோடும் சாக்ஸோடும் போய் வாங்குங்கள். ஷூவுக்குள் இருக்கும் அட்டையை எடுத்துவிட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

எத்தனை ஜோடி வேண்டும் என்று கேட்டால், குறைந்தது ஆறு என்பேன். ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று புத்தகப்பையில். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு ஆயா அம்மா மாற்றிவிடுகிறார், தீபாவளிக்கு அவருக்கு ஒரு புடவை எடுத்துவிடுவேன். பாக்கி கொடியில். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் கிடப்பது காயவே காயாது. அரை ஈரத்தில் போடாதீர்கள். ஃபேன் காற்றில் போட்டு எடுங்கள். துவைக்கும்போது திருப்பித் துவைத்து, சோப்பு நுரை சுத்தமாகப் போகும் வரை அலச வேண்டும். தங்கிய சோப்பு வேர்வையோடு சேர்ந்தால் அரிப்பு எடுக்கும். துணியை மெத்தென்று ஆக்கும் திரவங்களும் வேண்டாம், சாக்ஸ் வேர்வை உறிஞ்சுவது குறைந்துவிடும். குதிகாலில் நைந்து மெலிந்ததும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற நம் சிக்கன புத்தியை இந்த ஒரு சாமானில் மட்டும் காட்ட வேண்டாம்.

எதிர் வீட்டில் போன மாதம் ஒரு பேரன் பிறந்தான், பாதம் இரண்டும் உள்பக்கம் வளைந்து. ஐயோவென்று அழுதுகொண்டிருந்தார்கள். இப்போது வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி நேராக்குகிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் பொன்செட்டி கண்ட முறை, பெரிய ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடுகிறது. கட்டுப் பிரித்ததும் கம்பியில் மாட்டிய இரண்டு ஷூ கொடுப்பார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நாலு வயது வரை தூங்கும் நேரமெல்லாம் போட வேண்டும். அதைப் பாதியில் விட்டால் பாதம் பழையபடி வளைந்துவிடும். அந்தப் பெண்ணிடம் நான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், ஷூ கொடுக்கும் அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ, சாக்ஸ் நான் வாங்கித் தருகிறேன் என்று.

அத்தைக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது. பாதம் மரத்துப் போகிறது என்கிறார்கள். வலி தெரியாவிட்டால் நல்லதுதானே என்று முன்னே சொன்னவர்கள், இப்போது ராத்திரி பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாதத்தையும் நீட்டிக் காட்டுகிறார்கள்.

சின்னவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன வருஷத்திலிருந்து, அவளே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்று, இவர் நீளக் காம்பு வைத்த ஒரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து காலைத் திருப்பித் திருப்பிக் குதிகாலைப் பார்க்கிறாள். நேற்றுக் காலை அவசரத்தில் நான் மாட்டிவிட்டேன். வாசல் வரை போனவள், கெண்டைக்காலுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, பின்னாடி மடிப்பு இருக்கு. கழட்டிட்டு மறுபடி போடு."

பஸ் போய்விட்டது. இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.